வாசிக்காமல் விட்ட வரி

மைசூரு
6.8.2025

அண்ணா,

ஒன்பது நாளாக உங்களை அழைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை மணி அடித்ததும் அறுந்துபோகிறது. என் எண்ணை நீங்கள் தடுத்துவைத்திருப்பதாக நேற்றுத்தான் அண்ணி சொன்னார். போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "அவரு காட்டுக்குப் போயிட்டாரு அம்மிணி" என்றார். பக்கத்தில் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது. அதனால்தான் தபால். கிழித்துப்போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் பேச்சின் நான்கு நிமிடத் துண்டு தீபாவின் போனுக்கு வந்ததாகவும், நீங்களும் பார்த்ததாகவும் அண்ணி சொன்னார். அதில் எது உங்களைச் சுட்டது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. "ஊர் ஊராப் போய்ப் பேசறா" என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். நானும் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

ஆலையில் குமாஸ்தா வேலையை விட்டது 2019இல். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேச நல்ல ஆள் இல்லை, அதையே தொழிலாக வைத்துக்கொண்டால் பிழைக்கலாம் என்று நினைத்தேன். பேசத் தெரியாது. சரஸ்வதிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலையில் பேச்சுப் பழகுகிறவர்கள் கூடுவார்கள். ஏழு நிமிடம் பேச வேண்டும். வாய் தடுமாறி "ஆ... வந்து..." என்று இழுக்கும்போதெல்லாம் ஒருவர் மணி அடிப்பார். முதல் நாள் எனக்கு முப்பத்தொரு மணி. வீட்டுக்கு வந்து துணி துவைக்கும் கல்லைப் பார்த்துப் பேசிப் பழகினேன். கையை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது, கடைசி வரிசையில் இருப்பவனுக்கு எப்படிக் குரலை அனுப்புவது, ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கானது.

அதைவிடக் கஷ்டம், கூப்பிட ஆள் கிடைப்பது. ஆலை வாசல்களில் காவலாளி என்னைக் கேன்டீன் ஒப்பந்தத்துக்கு வந்தவள் என்று நினைத்தான். உள்ளே விட்டால் அதிகாரி, "பேசுறவர் எங்கே, சார் வரலையா?" என்பார். முதல் ஒரு வருடம் இலவசமாகவே பேசினேன். அதுவும் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம்தான் தருவார்கள். புள்ளிவிவரம், படம் என்று எல்லாம் காட்டினேன். தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் தூங்கினார்கள். 'எது பிடித்தது' என்று கேட்டிருந்த தாளில் ஒருவர் 'மின்விசிறி' என்று எழுதியிருந்தார்.

பிறகு ஒருநாள் நஞ்சன்கூடு பக்கம் ஒரு ஆலையில் கரண்ட் போய்விட்டது. படம் காட்ட முடியாது. இருநூறு பேர் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். என் வாயில் தானாக வந்தது: "என் அண்ணனுடைய வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் இருக்கிறது." தூங்கியவன் எழுந்து உட்கார்ந்தான். பேசி முடித்ததும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வாரம் இரண்டு ஆலைகள் கூப்பிட்டன. இன்று நான் ஒரு பேச்சாளர் என்றால் அது அந்த நாளிலிருந்துதான்.

உங்களைக் கேவலப்படுத்தியதாக நினைக்கிறீர்களா? உங்களை நினைத்துத்தான் ஒவ்வொரு மேடையிலும் ஏறுகிறேன். கூப்பிடுங்கள் அண்ணா.

ஜோதிமணி


மார்டள்ளி
14.8.2025

ஜோதிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். நீளமாக எழுத வராது.

நீ பேசியதை இரண்டு தடவை பார்த்தேன். உனக்கு நன்றாகப் பேச வருகிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதில் நீ சொல்கிறாய்: என் அண்ணனுக்கு அன்று அவசரம். மகளுக்குப் பிறந்த நாள். கேக் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகக் கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டினார். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க நான்கு விரலைக் கொடுத்தார். இப்படிச் சொல்லிவிட்டு நீ கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறாய். கீழே ஆட்கள் கண்ணைத் துடைக்கிறார்கள்.

தீபாவுக்குத் தை மாதம் பிறந்த நாள். என் கை போனது ஆடியில். உனக்குத் தெரியாததா?

அவளுக்கு அப்போது ஆறு வயது. எந்த மாதம் என்று அவளுக்கு நினைவில்லை. நாங்களும் வீட்டில் அதைப் பேசுவதில்லை. அவள் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டாள், "அப்பா, எனக்காகத்தான் உங்க கை போச்சா?" நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. மேடையில் அத்தை அழுதுகொண்டு சொல்லும்போது அப்பா வீட்டில் இல்லை என்றால் யாரை நம்புவாள்? இனிமேல் தனக்குப் பிறந்த நாளே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். காலேஜுக்குப் போகிறாள், வருகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் சாப்பிடும்போது எழுந்து போய்விடுகிறாள். என் கையைப் பார்க்க முடியவில்லை போல.

அந்தக் கதையை நிறுத்து. வேறு ஏதாவது பேசிப் பிழைத்துக்கொள்.

மாரிசாமி


மைசூரு
20.8.2025

அண்ணா,

தீபாவைப் பற்றிப் படித்தபின் அந்த நாளே எழுத என்னால் முடியவில்லை. பிறந்த நாள் என்று சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். மேடையில் ஒருவன் அவசரப்பட்டான் என்று சொன்னால், ஏன் அவசரம் என்று எதிரே இருப்பவன் மனசுக்குள் கேட்பான். அவனுக்கு ஒரு காரணம் தர வேண்டும். அவன் வீட்டிலும் நடக்கக்கூடிய காரணமாக இருக்க வேண்டும். ஒருநாள் பிறந்த நாள் என்று சொல்லிப் பார்த்தேன். கூட்டம் அசையாமல் கேட்டது. அதற்கப்புறம் மாற்றவில்லை. தீபாவிடம் நானே பேசுகிறேன். இனி அதைச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் கதையையே நிறுத்து என்கிறீர்கள். அது என்னால் ஆகாது. தயவுசெய்து கோபப்படாமல் கேளுங்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கழற்றிவைத்த கார்டுகளைத் திரும்ப மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஹூன்சூர் ரோட்டில் ஒரு ஆலையில் ஒரு ஆள் என்னை மெஷினருகே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். உங்கள் பெயரை நான் ஒரு இடத்திலும் சொன்னதில்லை. கார்டைக் கழற்றியது நீங்கள் என்பதும் நான் கட்டியது அல்ல. விபத்து அறிக்கையில் இருப்பது. நீங்கள் கைநாட்டு வைத்த அறிக்கை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 11, சனிக்கிழமை, தசரா முடிந்து அடுத்த வாரம், மைசூரு வட்டாரத்து ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மாநாடு நடத்துகின்றன. அறுநூறு பேர். முக்கியப் பேச்சு என்னுடையது. அது சரியாக அமைந்தால் வருடம் முழுக்க இருபத்தாறு ஆலைகளில் நான்தான் பேசப்போகிறேன். ஒவ்வொரு மாதமும் யார் கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆறு வருடம் இதற்காகத்தான் அலைந்தேன். என்னைச் சிபாரிசு செய்தது யார் தெரியுமா? நம் பழைய ஆலையின் நஞ்சுண்டசாமி சார். இப்போது அவர் பொது மேலாளர். அவர்கள் கேட்பது அந்தக் கதையைத்தான். 'கை கதை மேடம்' என்றுதான் என்னை ஆலைகளில் சொல்கிறார்கள்.

பிறந்த நாளை எடுத்துவிடுகிறேன். ஊரையும் மாற்றிவிடுகிறேன். மீதியை விட்டுக்கொடுங்கள் அண்ணா. நீங்கள் ஓவர்டைம் பார்த்துப் படிக்கவைத்த பெண் ஒரு நிலைக்கு வரப்போகிறாள்.

ஜோதி


மார்டள்ளி
2.9.2025

ஜோதிக்கு,

மக்காச்சோளத்துக்கு உரம் வைக்கும் வேலை. ஐந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன்.

கார்டைக் கழற்றியது நான் என்று சொல்கிறாய். உண்மை. நான்கு போல்ட்டையும் கழற்றியது இந்தக் கைதான். ஆனால் விபத்து நடந்த அன்று இல்லை. மூன்று நாள் முன்னால். கார்டில் இருந்த சுவிட்ச் கெட்டுப்போய் பத்துத் தகடு அடிப்பதற்குள் ஒரு தரம் பிரஸ் மெஷின் நின்றுகொண்டிருந்தது. நஞ்சுண்டசாமி அப்போது உற்பத்தி மேலாளர். அவர் வந்து பார்த்தார். "பார்ட் வர்ற வரைக்கும் கழட்டி ஓரமா வை மாரி. லோடு நிக்கக் கூடாது" என்றார். நான் தயங்கினேன். "நான் சொல்றேன்ல" என்றார். கரியப்பன் பக்கத்து மெஷினில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று நாளும் மூன்று ஷிப்டும் அந்த மெஷின் கார்டு இல்லாமல்தான் ஓடியது. என் முறையில் என் கை போனது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அன்றைக்கு ஷிப்டு முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

இப்போது அந்தப் பேப்பர். ஆஸ்பத்திரிக்கு அதைக் கொண்டுவந்தது நீ. வலது கை முழுக்கக் கட்டு. இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்லு என்றேன். நீ தமிழில் சொன்னாய். மெஷின் நம்பர், நேரம், எந்தெந்த விரல், எல்லாம் சொன்னாய். நான் இடது கட்டை விரலை வைத்தேன். நீ மை தடவிவிட்டாய்.

இரண்டு வருடம் கழித்து கரியப்பன் ஹனூரில் ஒரு வக்கீலிடம் அந்தப் பேப்பரைக் காட்டினான். அவர் முழுசாகப் படித்துச் சொன்னார். 'தொழிலாளி எவருக்கும் தெரிவிக்காமல் தன் விருப்பப்படி தடுப்பை அகற்றினார்' என்று ஒரு வரி. நீ எனக்கு வாசித்ததில் அந்த வரி இல்லை.

ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்கவில்லை. அப்போது உனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ சின்னப் பெண், பயந்திருப்பாய், போகட்டும் என்று விட்டேன். உன் வேலை நிற்கட்டும் என்று நினைத்தேன். என் விரல் திரும்பி வரப்போவதில்லை.

ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது நீ அதை மேடையேற்றுவதற்காக அல்ல.

மாரிசாமி


மைசூரு
25.9.2025

அண்ணா,

மூன்று வாரமாகிவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஊர் முழுக்கத் தசரா விளக்கு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டே பொங்கலுக்கு வந்து என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம் அது. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் காலை நஞ்சுண்டசாமி சார் என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். அந்த வரி வந்ததும் கை நின்றுவிட்டது. "சார், அண்ணன் அப்படிச் செய்யமாட்டாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆலை மேல் தப்பு என்று எழுதினால் பிரஸ் பிரிவையே மூடுவார்கள், நாற்பது பேர் வீட்டில் உட்காருவார்கள், எப்படி எழுதினாலும் உங்களுக்கு வர வேண்டியது வந்துவிடும் என்றார். "உங்க அண்ணனுக்கு இனிமே பிரஸ் வேலை ஆகாது. வீட்டுல சம்பாதிக்கிற ஆள் நீ ஒருத்திதான். யோசிச்சுக்கோ" என்றார். நான் யோசிக்கவில்லை அண்ணா. தட்டச்சு செய்தேன். சாட்சி என்று கீழே கையெழுத்தும் போட்டேன். ஆஸ்பத்திரியில் அந்த வரி வந்ததும் என் கண் தானாக அடுத்த வரிக்குப் போனது. நீங்கள் வலியில் கண்ணை மூடியிருந்தீர்கள்.

பிறகு எப்போது நானே அதை நம்பத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. நஞ்சன்கூட்டில் முதல் தடவை சொன்னபோது அறிக்கையில் இருந்ததுதான் வாயில் வந்தது. கேட்ட அதிகாரிகளுக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தொழிலாளியின் தப்பு என்று சொல்கிற பேச்சைத்தான் ஆலைகள் திரும்பத் திரும்பக் கூப்பிடுகின்றன என்று ஆறு வருடமாகத் தெரியாதவளா நான்?

போன வாரம் அந்தக் கதையே இல்லாமல் ஒரு இடத்தில் பேசிப் பார்த்தேன். நாற்பது நிமிடம் கல்லில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. அதிகாரி வாசல்வரை வந்து, "மேடம், அந்தக் கையை விட்டுட்டீங்களே" என்றார்.

மாநாட்டுக்குப் பதினாறு நாள் இருக்கிறது. என்னை அறிமுகப்படுத்தப்போகிறவர் நஞ்சுண்டசாமி சார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். வேறு யாருடைய கதையாவது சொல்லலாம். நீங்களே சொல்லுங்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

ஜோதி


மார்டள்ளி
3.10.2025

ஜோதிக்கு,

என்னைக் கேட்காதே. மேடை உன்னுடையது. நான் இதைச் சொல் என்று சொல்லி நீ சொன்னால், நஞ்சுண்டசாமி சொல்லி நீ தட்டச்சு செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். ஆயுத பூஜைக்கு கரியப்பன் ஊருக்கு வந்திருந்தான். அவன் இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறான். ஆகஸ்டு கடைசியில் அங்கே இன்னொரு கை போயிருக்கிறது. ஒடிசாக்காரர், ரஞ்சன் என்று பெயர், முப்பது வயது, இரண்டு குழந்தைகள். ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று விரல். அதே மெஷின் இல்லை, அதற்குப் பக்கத்து மெஷின். அதிலும் கார்டு இல்லை.

மறுநாள் எல்லாரையும் கேன்டீனில் உட்காரவைத்து உன் வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். நீ அழுது முடித்ததும் ஒரு அதிகாரி எழுந்து, "பாத்தீங்களா, அவசரப்பட்டா இதான் கதி" என்றாராம். ரஞ்சனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்களாம். ரஞ்சனிடமும் ஒரு பேப்பரில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அவருக்குக் கன்னடமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. யார் வாசித்துக் காட்டினார்கள் என்று கரியப்பனுக்குத் தெரியவில்லை.

நான் ஒன்பது வருடம் பேசாமல் இருந்ததும் இதில் சேர்த்திதான். உன்னை மட்டும் சொல்ல மாட்டேன்.

மாரிசாமி


மைசூரு
16.10.2025

அண்ணா,

மாநாடு முடிந்து ஐந்து நாளாகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கரியப்பனிடம் ரஞ்சனின் அறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். ஹெப்பால் பக்கம், ஒரே அறையில் ஏழு பேர். நான் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீடியோவில் பார்த்த முகம். உட்காரச் சொல்லவில்லை. ரஞ்சன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒருவர், எனக்கு அரைகுறையாகப் புரியும் இந்தியில், "எங்க ஆளைத் திட்ட வந்தீங்களா?" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு, உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கும் எண்ணம் போய்விட்டது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன் மூன்று வரிசை அதிகாரிகள், பின்னால் எல்லாம் சீருடை. நஞ்சுண்டசாமி சார் என்னை அறிமுகப்படுத்தினார். எங்கள் ஆலையில் குமாஸ்தாவாக இருந்த பெண், இன்று மாநிலம் முழுக்கப் பேசுகிறாள் என்றார். கை தட்டினார்கள். காலர் மைக்கைச் சரிசெய்துகொண்டேன். எப்போதும் தொடங்கும் வாக்கியத்தில்தான் தொடங்கினேன். உங்கள் கையைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று பாதிப் பேருக்குத் தெரியும்.

"அந்த கார்டைக் கழற்றியது என் அண்ணன்தான். கழற்றச் சொன்னது மேலாளர். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை" என்றேன். "அண்ணனுக்கு அவசரம் என்று சொன்னது பொய். பிறந்த நாள் என்று சொன்னது நானாகக் கட்டியது. விபத்து அறிக்கையைத் தட்டச்சு செய்து, சாட்சிக் கையெழுத்தும் போட்டவள் நான். அவருக்கு வாசித்துக் காட்டியவளும் நான். ஒரு வரியை வாசிக்காமல் விட்டேன். அவர் என்னை நம்பிக் கைநாட்டு வைத்தார்."

பழகியது ஒன்றும் கைகொடுக்கவில்லை அண்ணா. குரல் நடுங்கியது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது மறந்துபோனது. கண்ணீர் வரவில்லை. யாரும் அழவும் இல்லை. நஞ்சுண்டசாமி சாரின் பெயரை நான் சொல்லவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்ததுபோல. அமைப்பாளர் மேடை ஓரத்தில் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆகஸ்டில் நடந்ததையும் சொன்னேன். யாரிடம் கைநாட்டு வாங்கினாலும் அவருடைய மொழியில் முழுசாக வாசித்துக் காட்டுங்கள் என்றேன். முக்கால் மணி நேரம் பேச வேண்டியவள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். கைதட்டல் இல்லை.

இறங்கப் போனபோது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். நரைத்த தலை, நீலச் சட்டை. "மேடம், கழட்டுன்னு அவங்க சொன்னா நாங்க என்ன செய்யணும்?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. என் பேச்சு அழுகையில் முடியும், எழுந்து போவார்கள். யோசித்து, "எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். "தரமாட்டாங்க" என்றார். "தரமாட்டேன் என்றால் கழற்ற முடியாது என்று நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள். தனியாகச் சொல்லாதீர்கள்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரிடம் குனிந்து ஏதோ பேசத் தொடங்கினார்கள்.

தேநீர் வைத்திருந்த இடத்தில் நஞ்சுண்டசாமி சார் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பேப்பர்ல உன் கையெழுத்தும் இருக்கு ஜோதிமணி. மறந்துடாதே" என்றார்.

"அதைத்தான் சார் மேடையில சொன்னேன்" என்றேன்.

திங்கட்கிழமை இரண்டு வரி மின்னஞ்சல். இருபத்தாறு ஆலைகளின் நிகழ்ச்சியை ஒத்திவைத்திருக்கிறார்களாம். ஏற்கெனவே தேதி கொடுத்திருந்த மூன்று பேரும் ரத்து செய்துவிட்டார்கள். நேற்று ஆலையிடமிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "டியூஷன் எடுத்துக்கிறேன், சமாளிப்போம்" என்று சொன்னார், ஆனால் அவருக்கும் பயம்தான். இனி யாராவது என்னைப் பேசக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. நீலச் சட்டைக்காரர் மட்டும் என் எண்ணை வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் சங்கத்தில் முப்பது பேர் இருக்கிறார்களாம், வந்து பேச முடியுமா என்று கேட்டார். போகப்போகிறேன்.

ரஞ்சனின் விஷயம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே கேட்டால் என் பங்கைச் சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன் நடந்ததையும் சேர்த்தால்தான் அந்த ஆலையில் இது வழக்கம் என்று நிற்கும் என்கிறார் அவருக்காக வாதாடுகிற வக்கீல். விசாரணை அக்டோபர் 27, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. உங்களை வரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

தீபாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இதனுள் வைத்திருக்கிறேன். நீங்கள் படித்துவிட்டு, கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுங்கள்.

ஜோதி


மார்டள்ளி
21.10.2025

ஜோதிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

தீபாவுக்கு வைத்ததை நான் படிக்கவில்லை. அது அவளுக்கு எழுதியது. ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் நானே அவளிடம் பேசினேன். இத்தனை வருடம் பேசாதது தப்பு என்று பட்டது. அவளையும் உன் அண்ணியையும் உட்காரவைத்து, சுவிட்ச் கெட்டதிலிருந்து கைநாட்டு வைத்தது வரை சொன்னேன். கையை மேசை மேல் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அத்தை ஏன் எனக்கு பிறந்த நாள்னு சொல்லோணும்?" என்று கேட்டாள். அவளிடமே கேட்டுக்கொள் என்று சொல்லி உன் கடிதத்தைக் கொடுத்தேன். உள்ளே போய்ப் படித்தாள். உனக்கு எழுதுவாளா என்று தெரியாது. நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். நீ மேடையில் சொன்னதை கரியப்பன் யாரோ எடுத்த போன் படத்தில் பார்த்து எனக்குச் சொன்னான். நீ தடுமாறினாய் என்றான். அதைக் கேட்டபோது எனக்கு உன்னை ஆலையில் சேர்த்துவிட்ட முதல் நாள் நினைவு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

27ஆம் தேதி நான் வருகிறேன். கரியப்பனும் வருகிறான். அவனுக்கு வேலை போகலாம். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றான். மார்டள்ளியிலிருந்து முதல் பஸ் பிடித்தால் கொள்ளேகால் வழியாகப் பத்து மணிக்குள் வந்துவிடலாம். அலுவலகத்து வாசலில் நில்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே என் கையைப் பற்றி நான்தான் பேசுவேன். நீ எனக்காகப் பேச வேண்டாம். எனக்குப் பேசிப் பழக்கமில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் வரும். அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. கடைவீதிக் கன்னடம் எனக்கு வரும், ஆபீஸ் கன்னடம் வராது. எங்காவது தட்டினால் தமிழில் சொல்கிறேன், நீ எடுத்துச் சொல். நான் சொல்வதை மட்டும், முழுசாக.

மாரிசாமி